சந்தவாசல் மல்லாட்டை

ஆரணியில் மணிமேகலையின் வீட்டில் இரண்டு அடுப்பு. ஒன்று சமையலறையில், அவளுடையது. இன்னொன்று பின்பக்கம், குளியலறைச் சுவரை ஒட்டிப் பலகைமேல் வைத்த ஒற்றை அடுப்பு; அது அவள் புருஷன் அன்பழகனுடையது. ஐந்து வருஷமாக அவள் அவனுக்குச் சோறு போடவில்லை. அவன் வடித்ததை அவன் தின்கிறான். ஒரே மகள் ராதிகா சென்னையிலிருந்து வந்தால் இரண்டு அடுப்பிலும் சாப்பிட்டுவிட்டு, இரண்டு பேரையும் திட்டிவிட்டுப் பஸ் ஏறுவாள்.

தறி மட்டும் ஒன்றுதான். காலையில் மணிமேகலை உட்காருவாள், மத்தியானத்துக்குமேல் அவன். நெய்த பட்டில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. பேச்சுதான் கிடையாது. அவசியமாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அவள் சுவரைப் பார்த்துச் சொல்வாள்: "பாவு நூல் தீரப்போவுது. கண்ணு இருக்கறவங்க பாத்துக்கலாம்."

இது ஆரம்பித்தது அவள் தாய் உண்ணாமலை செத்த நாளில். அன்று தறியில் ஒரு முகூர்த்தப் புடவை இருந்தது. முந்தானையில் அரை முழம் நெய்யப் பாக்கி. சாயங்காலத்துக்குள் கடையில் கொடுத்தாக வேண்டும். புடவையைத் தறியிலிருந்து அறுத்து மடித்தபிறகு, இரண்டரை மணிக்குத்தான் அன்பழகன், "உங்கம்மாவுக்கு முடியலையாம், கெளம்பு" என்றான். தாய்வீடு இருந்த சந்தவாசலுக்குப் போய் இறங்கியபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பன்னண்டரைக்கே போயிடுச்சுக்கா" என்று தம்பி ராஜ்குமார் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "மணி வந்துட்டாளா, மணி வந்துட்டாளான்னு கேட்டுகினே இருந்துச்சு."

தாய் வாயில் கடைசியாகப் பால் ஊற்ற மகள் இல்லை.

போன் எப்போது வந்தது என்று அன்றே கேட்டாள். சார்ஜில் போட்டிருந்தேன், சத்தம் வைக்கவில்லை, இரண்டரை மணிக்குத்தான் பார்த்தேன் என்று அன்பழகன் சாதித்தான். அவள் நம்பவில்லை. அன்று காலை பத்து மணிக்கு மேல் அவன் டீக்கடைக்குக்கூடப் போகாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊடை நூலைத் தாரில் சுற்றிச் சுற்றிக் கொடுத்தது அவள் கண்ணிலேயே நின்றது. "ஜல்தி, ஜல்தி" என்று விரட்டிக்கொண்டிருந்தான். தம்பியைக் கேட்டாள். "அந்த நேரத்துல மணி பாக்கற நெலமையிலயா இருந்தேன்?" என்று அவன் நழுவிவிட்டான். காரியம் முடிந்து ஆரணிக்குத் திரும்பிய அன்றே அவள் ஒரு ஆளுக்கு மட்டும் உலை வைத்தாள்.

தாய்வீட்டுக் கொல்லையில் வேர்க்கடலை போடுவார்கள். அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை. ஐப்பசியில் செடி பிடுங்கியதும் ராஜ்குமார் ஒரு மூட்டை பச்சைக் காயை மண்ணோடு பஸ்ஸில் போட்டு அனுப்புவான். வேகவைத்த மல்லாட்டை என்றால் அன்பழகனுக்கு உயிர். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் ஒரு முறம் தின்றுவிட்டு வயிறு ஊதிக் கிடந்தவன் அவன். மணிமேகலைக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்வாள்.

நாலு தண்ணீரில் மண் போகக் கழுவுவாள். ஒவ்வொரு காயின் மூக்கையும் கட்டைவிரலால் அழுத்திச் சின்னதாக ஒரு வெடிப்பு விடுவாள். உப்பு உள்ளே இறங்க அதுதான் வழி. பெரிய குண்டானில் காய் முழுகத் தண்ணீர், கை நிறையக் கல்லுப்பு, துளி மஞ்சள். வெந்தபிறகும் வடிக்க மாட்டாள். ஆறும்வரை அந்தத் தண்ணீரிலேயே கிடக்கும். வடித்ததும் பூண்டையும் காய்ந்த மிளகாயையும் ஒன்றாக நசுக்கி, கடுகு, கறிவேப்பிலையோடு நல்லெண்ணெயில் தாளித்து, சுடச்சுடக் காய்மேல் கொட்டி, மூடி போட்டுக் குண்டானைக் குலுக்குவாள். அந்த வாசனை நேராகத் தறிக்குப் போகும். அவன் தறியில் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் தாளிப்பாள்.

பிறகு தெருவுக்கெல்லாம் கொடுப்பாள். எதிர்வீட்டுக் கற்பகம் ஒருமுறை, "பாவம்டி, அவருக்கு ஒரு கை..." என்று இழுத்தாள்.

"மிஞ்சினா மாட்டுக்குப் போடுவேன். உனுக்கு வேணும்னா துன்னு, இல்ல வெச்சிட்டுப் போ" என்றாள் மணிமேகலை. மாட்டுக்குப் போடவும் செய்தாள், அவன் பார்க்க.

அவனும் கடையில் காய்ந்த கடலை வாங்கி வந்து தன் அடுப்பில் வேகவைத்துப் பார்த்தான். பொறுமை கிடையாது. வெந்தும் வேகாமலும் எடுத்துவிடுவான். தோலில் உப்பு கரிக்கும், பருப்பு சப்பென்றிருக்கும். அவன் மென்று துப்புவதைக் கேட்டு அவள் சமையலறையில் சத்தமாகச் சிரிப்பாள்.

போன ஐப்பசியில் அவள் சேத்துப்பட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். மத்தியானம் பஸ்ஸைவிட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்ததுமே வாசனை அடித்தது. காலை எட்டிப் போட்டாள். பின்பக்கம் அன்பழகனின் அடுப்பில் அவளுடைய குண்டான் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவிழ்த்த மூட்டை. எதிரே ஸ்டூலில் ராஜ்குமார். இந்த முறை மூட்டையை வண்டியில் வைத்து அவனே கொண்டுவந்திருக்கிறான். இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வாக்கா. நீ வரதுக்குள்ள மாமாவ வேக வெக்கச் சொன்னேன்."

மணிமேகலை முந்தானையால் குண்டானின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினாள். வெந்நீர் காலில் தெறித்தது. அப்படியே கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். காயெல்லாம் கறுப்புத் தண்ணீரில் ஆவியோடு மிதந்தது.

"அறிவிருக்காடி உனுக்கு?" அன்பழகன் எழுந்தான். ஐந்து வருஷத்தில் அவளிடம் நேராக அவன் கேட்ட முதல் கேள்வி.

"எங்கம்மா கொல்லையில வெளஞ்சது. நீ தொடாத."

"போதும்க்கா" என்றான் ராஜ்குமார். "அஞ்சு வருசமாச்சு. ஊரே சிரிக்குது. ரெண்டு பேரும் ஒரே பேஜார்."

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "சரி, உட்டுடறேன். அன்னிக்கு எத்தினி மணிக்கு போன் பண்ணே? அம்மா மேல சத்தியமா சொல்லு."

அவன் தரையைப் பார்த்தான்.

"டேய், உன்னத்தான் கேக்கறேன்."

"பத்தேகால்" என்றது அன்பழகனின் குரல். "நான்தான் எடுத்தேன். பேசனேன். இதோ இட்டுகினு வரேன்னு சொன்னேன்."

அவள் தம்பியை விட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"முந்தானையில அரை முழம் பாக்கி இருந்துச்சு. ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம், முடிச்சிட்டுப் போயிடலாம்னு பாத்தேன். கெழவி அதுக்குள்ள போயிடும்னு நெனைக்கல. அவ்ளோதான். பொய்தான் சொன்னேன்."

"புடவைக்காக."

"ஆமா. புடவைக்காக."

அவள் அழுவாள் என்று ராஜ்குமார் நினைத்திருக்க வேண்டும், பக்கத்தில் வந்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். "நீயும்தான. தெரிஞ்சிகினே அஞ்சு வருசம் மல்லாட்டை அனுப்பிகினு இருந்தே."

"குடும்பம் ஒடஞ்சிடும்னுதான்க்கா..."

"ஒடையாமதான் இருக்குதா? பாரு, ரெண்டு அடுப்பு. கெளம்பிப் போ."

அவன் சாப்பிடாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். அன்பழகன் அங்கேயே நின்றான். மன்னிப்பு ஏதாவது கேட்பான் என்று அவள் எதிர்பார்த்தாளா என்றால், எதிர்பார்த்தாள். அவன் கேட்கவில்லை. சாக்கடை அடைத்துக்கொள்ளும் என்று ஒரு குச்சியை எடுத்துவந்து காய்களைத் தள்ளிக்கொண்டிருந்தான். மணிமேகலைக்கு நெஞ்சு எரிந்தது. ஆனாலும் தன் சந்தேகம் பைத்தியக்காரத்தனம் இல்லை, அத்தனை நாளும் சரியாகத்தான் வெறுத்திருக்கிறோம் என்று தெரிந்ததில் அவளுக்கு அன்று நன்றாகத் தூக்கம் வந்தது.

தம்பியின் போனை அவள் தை மாதம் வரை எடுக்கவில்லை. எடுத்தபோதும் திட்டத்தான் எடுத்தாள்.

கிணற்றுப் பாசனத்தில் போட்ட காய் பங்குனியில் வந்தது. மூட்டையைப் பஸ்ஸில் போட்டுவிட்டு ராஜ்குமார் ஒதுங்கிக்கொண்டான். மணிமேகலை மூட்டையைப் பின்பக்கம் இழுத்துப்போய்த் தரையில் கொட்டினாள். முறத்தால் நடுவே கோடு கிழித்ததுபோல் பிரித்து, ஒரு பாதியை மண்ணும் வேரும் சருகுமாக அவன் அடுப்புக்குக் கீழே தள்ளினாள். அன்பழகன் தறியிலிருந்து எழுந்து வந்து பார்த்தான்.

"இன்னா இது?"

"உன் பங்கு. உண்மைய சொன்னதுக்கு. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல." சுவரைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "கழுவறது, வேக வெக்கறது எல்லாம் உன் பாடு."

அவன் குந்தி உட்கார்ந்து ஒரு காயை எடுத்து மண்ணைத் துடைத்தான். "உப்பு எவ்ளோ போடணும்?"

"நாக்கு கீது இல்ல?" என்றாள் அவள். தன் பங்கை வாரிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.