மூன்று போத்தல் தேத்தண்ணி

மகனின் மருந்துப் போத்தலை நான் தொடக்கூடாதாம். போதைப் பழக்கத்துக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் தாதி, வீட்டுக்கு வந்து இதை மூன்று தடவை சொல்லிவிட்டாள். ஒரு தடவை போதாதா? எழுபது வயதானாலும் எனக்குக் காது இரண்டும் கேட்கிறது. அளவு பார்ப்பதில் அவளைவிட நான் கவனமானவன். ஆனாலும் தொடமாட்டேன். அதற்குக் காரணம் அவளல்ல, என் மாமா.

எனக்கு ஒன்பது வயதானபோது நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து சீமைக்கு வந்து ஸ்ட்ரெதமில் இருந்தோம். ஒரு வீடு, ஐந்து பேர், பதினான்கு படிகள், ஒரே ஒரு கழிப்பறை. அம்மாவின் தமையனான மாமா காலையில் கண் விழித்ததும் குடிக்கத் தொடங்கி, இரண்டு வேலைகளைத் தொலைத்திருந்தார். அம்மாவின் தங்கையான சின்னம்மா ஆஸ்பத்திரியில் தாதி. டொக்டரிடம் கேட்டுவந்து, மாமாவின் விஸ்கியைத் தாமே அளந்து கொடுக்கத் தொடங்கினார். முதல் வாரம் நாளுக்கு எட்டு அளவு. பிறகு வாரத்துக்கு ஒன்று குறையும்.

அப்பாவுக்கு இது பொறுக்கவில்லை.

"இதையோ உமக்கு ஆஸ்பத்திரியிலை படிப்பிச்சவை? குடிகாரனுக்கு மணி பாத்து ஊத்திக் குடுக்கிறீர்."

"ஒரேயடியா நிப்பாட்ட ஏலாது அத்தான். வலிப்பு வந்தால் ஆள் தப்பாது."

வலிப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. கணக்குத்தான் தெரியும். அப்போது ஐந்து அளவுக்கு வந்திருந்தது. இன்னும் ஐந்து வாரம் இந்தச் சண்டையைக் கேட்கவேண்டும். ஒரே நாளில் மூன்றைக் குறைத்தால் மூன்று வாரம் மிச்சம். இவ்வளவு சுலபமான கழித்தல் பெரியவர்களுக்கு ஏன் வரவில்லை என்று எரிச்சலாக இருந்தது.

சின்னம்மா காலையில் ஓர் அளவு கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார்; கடைசி அளவை இரவு வந்து கொடுப்பார். பத்து, இரண்டு, ஆறு மணிக்கு உரியவற்றை மூன்று சிறு போத்தல்களில் ஊற்றி, நேரத்தைத் தம் கையால் எழுதி ஒட்டிவைப்பார். ஒரு சனிக்கிழமை மூன்றையும் தொட்டியில் கொட்டிவிட்டு, பால் விடாத, ஆறிய வெறுந்தேத்தண்ணியை நிரப்பினேன். நிறம் அச்சாகப் பொருந்தியது.

பத்து மணிக்கு மாமா ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார். போத்தலைத் திருப்பி, ஒட்டியிருந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு மீதியையும் குடித்தார். இரண்டு மணிக்கும் அப்படியே. ஆறு மணிக்குப் போத்தல் அவர் பல்லில் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டது. அதன் பிறகு, சின்னம்மா வேலை முடிந்து கதவைத் திறந்த நேரம், மாமா குசினி அடுப்படியில் விழ, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. எவ்வளவு நேரம் இழுத்தது என்று மட்டும் நான் எண்ணவில்லை.

சின்னம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் அவரை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்தார். அப்பாவை அம்புலன்ஸ் கூப்பிட அனுப்பினார். இன்றைக்கு எத்தனை குடித்தவர் என்று கேட்டார். அம்மா நாலு என்றார். நான், காலையில் குடித்த ஒன்றுதான், மற்ற மூன்றும் தேத்தண்ணி என்றேன். திரும்பி வந்த அப்பா அதைக் கேட்டுக் கையை ஓங்கினார்.

"அடியாதேங்கோ அத்தான். சரியான கணக்குச் சொன்னது அவன் ஒருத்தன்தான்."

மாமா பிழைத்தார். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார். சின்னம்மா அவரோடு பேசுவதை நான் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தேத்தண்ணி எண்டு தெரியேல்லையோ அண்ணை?"

"முதல் வாயிலையே தெரிஞ்சது."

"பிறகேன் குடிச்சனீங்கள்? அக்காவிட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

"உன்ரை கையெழுத்து இருந்தது. நீ தந்தால் சரியாத்தான் இருக்கும் எண்டு குடிச்சன்."

சின்னம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார்.

எனக்கு மாமாமீது கோபம் கோபமாக வந்தது. தெரிந்திருந்தும் வாயைத் திறக்காமல் மூன்றையும் குடித்திருக்கிறார். ஒரு சொல் கேட்டிருந்தால் அம்புலன்ஸும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை, எனக்கு அப்பாவிடம் ஒன்பது நாள் ஏச்சும் இல்லை. இப்படிப்பட்ட மனிதருக்காகச் சின்னம்மா ஏன் அழவேண்டும் என்றும் எனக்கு விளங்கவில்லை.