சூடேறிய இடது கிரிப்

இதை நான் கட்டிவிட்ட கதை என்று நினைத்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இது என் நாத்தனாருக்கு நடந்தது. பக்கத்தில் நான் இருந்தேன்.

பேய் என்று யாராவது பேச்செடுத்தால், "முதல்ல ஃபியூஸைப் பாருங்க" என்று சிரிக்கிற ஆள் அவள். வீட்டின் முன் அறைதான் அவளுடைய கடை. பைக்குகளுக்கு விளக்கு, ஹாரன், மொபைல் சார்ஜர் என்று எதைக் கொண்டுவந்தாலும் வயரிங் செய்து தருவாள்.

அன்று காலை ஒரு பெரிய டூரிங் பைக் வந்தது. மறுநாள் மனைவியோடு பனிமலைக்குக் கிளம்புகிறாராம் அதன் சொந்தக்காரர். முன்னால் இரண்டு ஃபாக் லைட், ஹேண்டிலில் குளிருக்கு இதமாகச் சூடேறும் புது கிரிப். இவ்வளவுதான் வேலை.

வண்டி உள்ளே வந்ததிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுப்பாள், வைப்பாள். வாசலை எட்டிப் பார்ப்பாள். திரும்ப வருவாள். யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று அவசரப்படுத்துவது போல இருந்ததாம்...

பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுத்தான் கை வைத்தாள். கிரிப் இரண்டையும் மாட்டினாள். வயரை டேங்குக்கு அடியில் இழுத்து ரிலேயில் சேர்த்தாள்.

டிக்.

கரண்ட் வந்தால்தான் ரிலே அப்படித் தட்டும். பேட்டரியோ தரையில் கிடந்தது.

வலது கிரிப்பைத் தொட்டாள். ஒன்றுமில்லை. இடது கிரிப்பைத் தொட்டாள்...

"அண்ணி! கொஞ்சம் இங்க வாங்க."

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். தொட்டுப் பார்த்தேன். நல்ல சூடு.

"வெயில்ல வெச்சிருந்தியா?"

"காலையில இருந்து மழை அண்ணி."

வயரில் கரண்ட் இருக்கிறதா என்று மீட்டரை வைத்துக் காட்டினாள். பூஜ்யம்.

"கழட்டிடு."

"இருங்க. ஒரே தடவை."

இடது கையால் கிரிப்பை அழுத்திப் பிடித்தாள். அவள் விரல் ஐந்தும் ரப்பரைச் சுற்றித்தான் இருந்தன.

க்ரீச்...

கிரிப்புக்கு முன்னால் இருக்கும் கிளட்ச் லீவர் மெதுவாக உள்ளே போனது. தானாக.

"அண்ணி... கை வரலை."

இழுத்தேன். அசையவில்லை. அவள் விரல்கள் மேலிருந்து நசுங்கி வெளுத்துக்கொண்டே வந்தன.

"மேல யாரோ பிடிக்கிறாங்க... ஐஸ் மாதிரி இருக்கு..."

டிக்.

அவள் கை விடுபட்டது.

கிளட்ச் பட்டென்று வெளியே வந்தது. கிரிப் சில்லிட்டுக் கிடந்தது.

சாயங்காலம் சொந்தக்காரர் வந்தார். இவள் வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"கிரிப்பைக் கழட்டிட்டேன். வீட்டம்மாவை இந்த வண்டியில கூட்டிட்டுப் போகாதீங்க."

"ஏங்க, என்ன ஆச்சு?"

சொன்னாள். அவர் சிரிப்பார் என்றுதான் நினைத்தோம். சிரிக்கவில்லை.

"எந்தக் கை?"

"இடது."

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இது பழைய வண்டிங்க. முன்னாடி வெச்சிருந்தவர் மலையில பனியில மாட்டிக்கிட்டார். தேடிப் போனப்போ, ஹேண்டிலைப் பிடிச்சபடியே விறைச்சுக் கிடந்தாராம். வலது கையை எப்படியோ பிரிச்சுட்டாங்க..."

"இடது கை?"

"பிரியவே இல்லை. ஹேண்டில்பாரை அறுத்து, அந்தத் துண்டோடதான் அடக்கம் பண்ணினாங்களாம்."

வண்டியைப் பார்த்தார். பார்வையை எடுத்துக்கொண்டார்.

"இதுல இருக்கிறது அப்புறம் புதுசா மாட்டின ஹேண்டில்பார்தாங்க."