அக்காவுக்குச் சேர்த்த மூன்று வயது

அந்த எக்ஸ்ரே படம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. பழுப்புக் காகித உறை மூலைகளில் நைந்துவிட்டது. படம் மட்டும் கெட்டியாக, அசைத்தால் தகரம் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு, ஐம்பது வருடத்துக்கு முன் கையில் கொடுத்தபடியே இருக்கிறது. ஜன்னலுக்கு நேரே பிடித்தால் கழுத்திலிருந்து இடுப்பு வரை என் அக்காவின் முதுகெலும்பு தெரியும். மேலே நேராக வந்து, நடு முதுகில் வலப்பக்கமாக ஒதுங்கி, இடுப்புக்கு வரும்போது மறுபடி நடுவுக்குத் திரும்பியிருக்கும். மேல் மூலையில் வெள்ளை மையில் அவள் பெயரின் முதல் எழுத்தும், பக்கத்தில் வயதும் எழுதியிருக்கும். பதினாறு. அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படம் எடுத்த அன்று அக்காவுக்கு வயது பதின்மூன்றுதான்.

குமுளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் எங்கள் வீடு இருந்தது. தாத்தா காலத்தில் சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம். எழுபதுகளின் நடுவில், ஒரு மழைக்காலத்தில், அப்பா நிழல்மரம் கழிக்கும்போது கிளை முறிந்து மேலே விழுந்து இறந்துபோனார். தோட்டத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பேர் பதிந்த ஆள் இறந்துபோனால் அந்த இடம் அதே வீட்டில் இன்னொருவருக்குக் கிடைக்கும். ஆனால் அந்த மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும், கேட்கிற ஆளுக்குப் பதினைந்து வயது முடிந்திருக்க வேண்டும். அம்மாவின் பேர் ஏற்கெனவே பதிவில் இருந்தது. மிச்சம் வீட்டில் இருந்தது பன்னிரண்டு வயது அக்காவும் எட்டு வயது நானும்தான். அப்பாவின் இடம் போய்விட்டால் மூன்று வயிறுகளுக்கு அம்மாவின் ஒரு ஜோடிக் கைதான் என்ற நிலை.

அக்கா வயதுக்கு மீறிய உயரம். அதைப் பார்த்துத்தான் எங்களிடம் வேலை வாங்குகிற கங்காணிக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. அப்பாவோடு பழகியவர், அம்மா அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். "மூணு வயசுதான தாயி, யாரு வந்து எண்ணிப் பாக்கப் போறா?" என்றார். எங்கள் தோட்டத்தில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு தோட்டத்து வயதும் ஒரு வீட்டு வயதும் உண்டு, யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. டிஸ்பென்சரியில் இருந்த மலையாளத்துக் கம்பவுண்டர் அக்காவைப் பல்லைக் காட்டச் சொன்னார், சுவரோரமாக நிறுத்தி உயரம் பார்த்தார், "மதி, மதி, போய்க்கோ" என்று, போதும் போ என்கிற அர்த்தத்தில், சொல்லிப் பதினைந்து என எழுதி முத்திரை குத்தினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்காவுக்கு ஒரே கும்மாளம். "ஏட்டி, இனி நான் உனக்கு ஏழு வயசு மூத்தவ. மரியாதையாப் பேசணும், கேட்டியா?" என்று என் மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். மறுநாளே இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போனாள். பள்ளிக்கூடப் பையை எனக்குக் கொடுத்துவிட்டாள்.

ஒரு வருடம் கழிந்து தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போதுதான் அம்மா பார்த்தாள். அக்காவின் வலது தோள்பட்டை எலும்பு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. "நேரா இரிட்டி" என்றாள் அம்மா. "நேராத்தாம்மா இருக்கேன்" என்றாள் அக்கா. அம்மா மறுபடி அதட்டினாள், அக்கா மறுபடி அதையே சொன்னாள். எண்ணெய் வழிகிற கையால் அம்மா அந்த எலும்பை அழுத்திப் பார்த்தாள். பிறகு லயமே கூடிக் காரணம் சொன்னது. கூன்போட்டு உட்காருகிறாள் என்றார்கள். கொழுந்து மூட்டையை ஒரே பக்கமாகத் தொங்கவிடுகிறாள் என்றார்கள். பக்கத்து வீட்டு அத்தை மட்டும், "தங்கச்சிய இடுப்பவிட்டு எறக்காமத் தூக்கிட்டே திரிஞ்சாள்ல, அதான் எலும்பு கோணிட்டு" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் செய்த வேலைதான் என்று நம்பி, கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் அழுதேன்.

கம்பவுண்டர் கொஞ்ச நாள் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார். பிறகு கடிதம் எழுதிக் கீழ்நாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம். தோட்டத்துக் கடிதம், தோட்டத்து முத்திரை, அதில் தோட்டத்து வயது. அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள் என்பதால் துணைக்குக் கங்காணியும் வந்தார். விடிகாலையில் குமுளியில் பஸ் ஏறி, மலையிறங்கி, கம்பம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். என்னை வீட்டில் விட ஆள் இல்லாததால் நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

டாக்டர் நடுவயதுக்காரர், தங்கமான குரல். அக்காவைக் கை இரண்டையும் சேர்த்து முன்னால் குனியச் சொன்னார். குனிந்ததும் முதுகின் ஒரு பக்கம் மேலே எழும்பியது. படம் எடுத்து வந்ததும் விளக்குப் பெட்டியில் மாட்டி, அளவுகோலும் பென்சிலும் வைத்து வளைவின் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டார். யாரையும் தூக்கிச் சுமந்ததால் இது வராது, மூட்டையாலும் வராது, வளர்கிற பெண்பிள்ளைகளுக்குத் தானாக வருவது என்றார். எனக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது. அப்புறம் கடிதத்தைப் பார்த்து, "பதினாறா?" என்றார். அம்மா, "ஆமாங்கய்யா" என்றாள். "வயசுக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

அக்கா அன்றைக்கு வயதுக்கு வந்திருக்கவே இல்லை. பதினாறு என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குத் தக்கபடிதானே அடுத்ததையும் சொல்ல வேண்டும். "ரெண்டு வருசமாச்சுங்கய்யா" என்றாள் அம்மா. என் மணிக்கட்டு அவள் பிடியில் இருந்தது, அந்தப் பிடி இறுகியது. டாக்டர் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப பயமில்லம்மா. வளர்த்தி முடிஞ்சாச்சு, வளைவு இனிமே பெரிசா ஏறாது. இதுவே பன்னெண்டு பதிமூணு வயசுப் பிள்ளையா இருந்தா நான் விட்டிருக்க மாட்டேன். இன்னிக்கே அளவெடுத்து இடுப்புலேருந்து மோவாய் வரைக்கும் பட்டை கட்டியிருப்பேன்" என்றார்.

அம்மா வாயைத் திறந்தாள். நான் பார்த்தேன். உதடு பிரிந்து பல் தெரிந்தது, சத்தம் வரவில்லை. வாசலில் கங்காணி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த எதையோ வாசித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. பதிமூன்று என்று சொன்னால் அக்காவின் பேர் வெட்டுப்படும், எழுதிக் கொடுத்த கம்பவுண்டர் மாட்டுவார், சிபாரிசு செய்த கங்காணி மாட்டுவார், அப்புறம் அந்தத் தோட்டத்தில் எங்களை யார் சீந்துவார்கள்? இதெல்லாம் அம்மாவின் மனதில் ஓடியிருக்கும் என்று பின்னால் நானாகக் கோர்த்துக்கொண்டது. அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அக்காவுக்குப் பதிமூன்று, அதை நான் சொல்லலாம். நான்தான் வகுப்பிலேயே வாயாடி. அந்த வாய் அன்றைக்கு எங்கே போய்த் தொலைந்தது என்று தெரியவில்லை. "சரிங்கய்யா" என்று அம்மா கும்பிட்டாள். டாக்டர் படத்தை உறையில் போட்டு, பத்திரமாக வைத்திருங்கள் என்று கொடுத்தார்.

திரும்பும்போது கம்பத்தில் கங்காணி எங்களுக்குத் திராட்சை வாங்கிக் கொடுத்தார். ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டாரே என்று அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். பஸ் மலையேறும்போது அக்கா ஒவ்வொரு பழமாகத் தின்று தோலை ஜன்னல் வழியாகத் துப்பிக்கொண்டு வந்தாள். அம்மா தொடவில்லை. பாதி மலையில் அக்கா என் காதில், "ஏட்டி, பட்டைன்னாரே, அது எப்படி இருக்கும்?" என்றாள். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அடுத்த வாரம் அம்மா ஒரு காரியம் செய்தாள். தொழிற்சாலையில் தேயிலை அடைக்கிற பெட்டியின் உடைந்த பலகைகளைக் கேட்டு வாங்கி வந்தாள். நான்கு பட்டையாகப் பிளந்து, கல்லில் தேய்த்து, பழைய மெத்தைத் துணியில் பொதிந்து தைத்து, பெட்டியின் தகரக்கீற்றை வளைத்து இடுப்புக்கு ஒரு வளையம் போட்டாள். டாக்டர் வாயால் சொன்ன அளவு மட்டும்தான் அவளுக்குத் தெரியும், இடுப்பிலிருந்து மோவாய் வரை. வேலை முடிந்து வந்ததும் அக்காவை நிற்க வைத்து அதைக் கட்டி, கயிற்றை இழுத்து முடிவாள். அக்கா முதலில் சிரித்தாள், "என்னையும் பொட்டில அடச்சுச் சீமைக்கு அனுப்பிரு" என்றாள். பத்தாம் நாள் விலாவில் தோல் உரிந்து சட்டையோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் மாதம், அம்மா கட்ட வரும்போது, அதைப் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டாள். அம்மா தடுக்கவில்லை. மெத்தைத் துணி எரிகிற நாற்றம் வீட்டைவிட்டுப் போக நான்கு நாளாயிற்று.

அதற்குப் பிறகுதான் அக்கா வயதுக்கு வந்தாள். மாமன் சீர் வந்தது, தாவணி போட்டார்கள், குலவையிட்டார்கள். மனையில் உட்கார்ந்திருந்தவளின் ஒரு தோள் மேலேயும் ஒரு தோள் கீழேயும் இருந்ததை மாலை மறைத்துவிட்டது. அம்மா விக்கி விக்கி அழுதாள். அப்பா இல்லாத குறை என்று பெண்கள் தேற்றினார்கள். அந்த ஒரு வருடத்தில் அக்கா வேகமாக வளர்ந்தாள். வளரவேண்டிய உயரமெல்லாம் பக்கவாட்டில் போனது என்றுதான் சொல்ல வேண்டும். பதினைந்தில், அதாவது தோட்டத்துப் பதினெட்டில், முதுகில் தெளிவாகத் திமில் விழுந்தது. விலா ஒரு பக்கம் இடுப்பெலும்பில் இடித்தது. கொழுந்து மூட்டை தூக்க முடியாமல் களை பறிக்கப் போட்டார்கள், அப்புறம் குனிய முடியாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில் கூட்டிப்பெருக்கப் போட்டார்கள். எந்த இடத்துக்காக மூன்று வயதைச் சேர்த்தோமோ அந்த இடத்தையும் அவளால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு முறை அம்மா, "திரும்பப் போயிப் பாப்பமாட்டி?" என்று கேட்டாள். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்க்காமல், "போனா எந்த வயசம்மா சொல்லுவ?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எக்ஸ்ரே படத்தை டிரங்குப் பெட்டியின் அடியில், அப்பாவின் வேட்டிக்குக் கீழே வைத்துவிட்டாள்.

அக்காவைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பார்க்க வந்தவர்கள் என்னைக் குனிந்து கோலம் போடச் சொன்னார்கள், முதுகைப் பார்க்கத்தான். அடுப்படியில் இருந்து அக்கா, "நல்லாப் பாத்துக்கிடுங்க, அவ பலகை மாதிரி இருப்பா" என்று சத்தமாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை நினைத்தால் இப்போது கூசுகிறது. முப்பது தாண்டியதும் அவளுக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது, பிறகு பேசினாலே வாங்கியது. விலா நெஞ்சை நெருக்குகிறது, நுரையீரலுக்கு விரிய இடமில்லை என்றார்கள். நாற்பதாவது வயதில் ஒரு பனிக்காலத்தில், தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே போய்விட்டாள். தோட்டத்து ஆபீஸில் நாற்பத்து மூன்று என்று எழுதிக்கொண்டார்கள். அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். அந்தத் தாளில் கைநாட்டு வைத்தவள் அவள்தான்.

நான் கம்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அக்கா போன பிறகு சொந்தத்தில் எந்தப் பெண்பிள்ளை பத்து வயதைத் தாண்டினாலும் பிடித்துக் குனிய வைத்துப் பார்ப்பேன். "முதுகு பாக்க வந்துட்டாங்கடி" என்று பிள்ளைகள் ஓடும். போன மாதம் என் கொழுந்தன் பேத்திக்கு, பன்னிரண்டு வயது, லேசாக ஒரு பக்கம் எழும்பியிருந்ததைக் கண்டுபிடித்தேன். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஏனோ அக்காவின் படத்தையும் பையில் வைத்துக்கொண்டேன். சின்ன வயது டாக்டரம்மா. பேத்தியைப் பார்த்துவிட்டு, நல்ல நேரத்தில் வந்தீர்கள், பட்டை போட்டு நிறுத்திவிடலாம் என்றார். நான் உறையை நீட்டி, "இதையும் ஒரு தடவ பாருங்க" என்றேன்.

அவர் ஜன்னலுக்கு நேரே பிடித்தார். பென்சில் கோடுகள் இன்னும் இருந்தன. வளைவை ஒரு கணம்தான் பார்த்தார், பிறகு விரல் கீழே இறங்கி இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் நின்றது. "வளர்த்தி முடியிற காலத்துல இந்த விளிம்புல தொப்பி மாதிரி ஒரு எலும்பு தெரியும். இதுல தெரியவே இல்ல. இது வளர்ற பிள்ளை, இன்னும் நல்லா வளரவேண்டிய பிள்ளை. பதினாறுன்னு யார் எழுதினது?" என்றார்.

நான் அவர் விரல் நின்ற இடத்தையே பார்த்தேன். அன்றைக்கு அந்த அறையில் உண்மை தெரிந்தவர்கள் எங்கள் வீட்டார் மூன்று பேரும் வாசலில் நின்ற கங்காணியும்தான் என்று ஐம்பது வருடமாக நினைத்திருந்தேன். என் வாயைத் திட்டாத நாளில்லை, அம்மாவைத் திட்டாத நாளும் இல்லை. விளக்குப் பெட்டியில், அந்த டாக்டரின் மூக்குக்கு நேரே, அக்காவின் எலும்பு உள்ளதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் கோடு போட்ட இடத்துக்கு ஒரு சாண் கீழே பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்தார். இது தெரிந்ததில் எனக்கு ஆறுதல் எதுவும் இல்லை. அவர் பார்க்கவில்லை என்பதால் நான் பேசியதாக ஆகிவிடாது.

"இப்ப அவங்களுக்கு என்ன வயசு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இருந்திருந்தா அறுபத்து மூணு" என்றேன்.

ஆஸ்பத்திரி ஒன்றில், எங்கள் வீட்டிலிருந்து ஒருவர், அக்காவின் சரியான வயதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டரம்மா படத்தைத் திருப்பிக் கொடுத்தார். நான் அதை உறையில் போட்டு, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அளவெடுக்கிற அறைக்குப் போனேன்.