வாரண்டியில் பத்து வெற்று மாதங்கள்

“மார்ச் 9, சனி. மீட்டர் 87,412. வீடு – குளுவாங் சர்வீஸ் சென்டர் – வீடு. எஞ்சின் எண்ணெய் மாற்றம். வாரண்டி நீட்டிப்பு: இரண்டு ஆண்டு. மழை இல்லை.”

காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் நான் வைத்திருக்கும் குறிப்பேட்டில் இப்படித்தான் இருக்கிறது. அன்று நடந்ததில் பாதிகூட இதில் இல்லை. பள்ளி அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவன் நான். வருகைப் பதிவேடும் கடிதப் பதிவேடும் எழுதியே கை பழகிவிட்டது. பிறருடைய நாட்குறிப்புகளை வாசிப்பதிலும் எனக்கு விருப்பம் அதிகம். பெரிய மனிதர்களின் பேச்சை எழுதி வைத்தவர்களைவிட, அன்று மழை பெய்ததா இல்லையா என்று எழுதி வைத்தவர்களையே அதிகம் நம்புவேன். அதனால் கார் வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு பயணத்தையும் எழுதி வந்தேன். யோங் பெங் வீட்டு வாசலில் வந்து நின்றதும் என் மனைவி எட்டிப் பார்த்து மீட்டரின் கடைசி மூன்று எண்களைச் சொல்வாள், நான் எழுதுவேன். அதற்குப் பிறகுதான் கதவைத் திறப்போம். குறிப்பேட்டை அவள் தொடமாட்டாள்.

“ஆளுக்கு ஜாதகம் எழுதல, காருக்கு எழுதுறாரு,” என்று தன் தங்கையிடம் போனில் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த ஆண்டு பிப்ரவரி 13, செவ்வாய். ஜொகூர் பாரு மருத்துவமனையில் அவளுக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை போய்வருவோம். போக வர இருநூற்று இருபது கிலோமீட்டர். டாக்டரம்மா என்னை மட்டும் நடைவழிக்குக் கூப்பிட்டு, மலாயில் மெதுவாகச் சொன்னார். நோய் ஈரலுக்குப் போய்விட்டது. ஒரு வருடம் இருக்கலாம். கூடினால் ஒன்றரை. உங்கள் மனைவியிடம் நான் சொல்லட்டுமா, நீங்கள் சொல்கிறீர்களா என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன்.

திரும்பும் வழியில் கூலாய் தாண்டியதும் அவள் கேட்டாள்.

“டாக்டர் என்னமோ உங்கள தனியா கூப்பிட்டாங்களே?”

“மருந்து வேல செய்யுதாம். தேதி மாத்தணுமான்னு கேட்டாங்க.”

“அதுக்கு எதுக்கு வெளிய போய் பேசணும்?”

“உள்ள கூட்டமா இருந்துச்சு.”

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அன்றைய குறிப்பில் மீட்டரும் மழையும் மட்டும் இருக்கின்றன.

காரின் ஐந்தாண்டு வாரண்டி மார்ச் 28-ஆம் தேதி முடிய இருந்தது. அதற்குள் பணம் கட்டினால் ஓராண்டோ இரண்டாண்டோ நீட்டிக்கலாம் என்று சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் இரண்டு தடவை கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். வேறு நேரமாக இருந்தால் யோசித்திருக்கவே மாட்டேன். ஐஸ் பெட்டி, துணி துவைக்கும் மெஷின் என்று எது வாங்கினாலும் நீட்டிப்பு வாரண்டி வேண்டாம் என்று சொல்லிவிடுவது என் வழக்கம். கெட்டுப்போகாத காலத்துக்குக் காசு வாங்குகிறார்கள் என்று கடைக்காரர்களிடம் வாதாடியும் இருக்கிறேன். இதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் நீட்டிக்காமல் விட்டு, மருந்து ஏற்றிய உடம்போடு அவள் உட்கார்ந்திருக்கும்போது நெடுஞ்சாலையில் கியர்பாக்ஸ் போனால் என்ன செய்வது? வாரண்டி இருந்தால் செலவுக்குப் பயந்து பழுது பார்ப்பதைத் தள்ளிப்போடமாட்டேன். சரி, நீட்டிக்கலாம். ஓராண்டு என்றால், ஏன் ஓராண்டு மட்டும் என்று கேட்பாள். இரண்டாண்டு என்றால், இந்த மனிதன் எப்போது மாறினான் என்று யோசிப்பாள். எதைச் சொன்னாலும் நான் மறைத்தது வெளியே வந்துவிடும் போலிருந்தது.

மார்ச் 3, ஞாயிறு. அவள் தூங்கிக்கொண்டிருந்த மத்தியானத்தில் காரில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டாண்டில் கார் எவ்வளவு தூரம் ஓடும் என்று பார்ப்பதுதான் நோக்கம். துண்டுக் காகிதத்தில் கணக்குப் போடக்கூடாது என்பது அலுவலகத்தில் நான் எல்லோருக்கும் சொன்ன விதி. துண்டு தொலைந்துபோகும், பதிவேடு தொலையாது. அந்த விதிப்படி குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஏப்ரலில் தொடங்கி இரண்டு வருடத்துக்கு இருபத்துநான்கு மாதங்களையும் வரிசையாக எழுதினேன். ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே ‘ஜொ.பா. ஆஸ்பத்திரி’ என்று எழுதி, அந்த மாதத்துக்கு எத்தனை தடவை, எத்தனை கிலோமீட்டர் என்று போட்டுக்கொண்டே வந்தேன். மறு வருடம் மே மாதம் வரை போட்டேன். ஒரு வருடத்துக்கும் ஒன்றரைக்கும் நடுவே எங்கோ நிறுத்த வேண்டியிருந்தது, நிறுத்தினேன். ஜூன் முதல் அடுத்த மார்ச் வரை பத்து வரிகள். எதிரே எதுவும் எழுதாமல் விட்டேன். எழுதி முடித்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. கிழிக்கக் கை வந்தது. பதிவேட்டில் பக்கம் கிழிப்பதும் அலுவலகத்தில் பெரிய குற்றம். கிழிக்காமல் மூடி வைத்தேன். இதைவிட முட்டாள்தனமாக நான் எதுவும் செய்ததில்லை.

அந்தக் கணக்கில் ஓராண்டுக்கு மேல் மிஞ்சியது இரண்டே மாதம் என்பதால் ஓராண்டு போதும் என்று முடிவு செய்துகொண்டு மார்ச் 9 காலை குளுவாங் போனோம். பதிவு செய்யவும் காரை விட இடம் கேட்கவும் நான் உள்ளே போனபோது அவள் காரிலேயே இருந்தாள். வழக்கம்போல் பத்திரிகையின் குறுக்கெழுத்தும் கையில் பென்சிலும். நான் திரும்பி வர இருபது நிமிடம் ஆகியிருக்கும். பிறகு இருவரும் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே போய் உட்கார்ந்தோம். கூப்பிட்டுச் சொன்ன பெண்தான் மேசையில் இருந்தாள்.

“அங்கிள், இருபத்தெட்டுக்கு மேல போச்சுன்னா சிஸ்டம் ஏத்துக்காது லா. அப்புறம் நீங்க அழுதாலும் நான் ஒன்னும் பண்ண முடியாது.”

“அவரு அழமாட்டாரும்மா,” என்றாள் மனைவி. “எழுதி வைப்பாரு.”

அந்தப் பெண் சிரித்துவிட்டுப் பாரத்தை எடுத்தாள்.

“இன்னும் எத்தன வருஷம் இந்தக் கார வச்சிருப்பீங்க, ஆண்ட்டி? அத வச்சுத்தான் ஒரு வருஷமா ரெண்டு வருஷமான்னு பாக்கணும்.”

எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். ஒரு வருஷம் போதும் என்று சொல்ல வாய் திறந்தேன்.

“ஒரு வருஷம்...”

“ரெண்டு போடும்மா,” என்றாள் அவள்.

“எதுக்கு ரெண்டு? கார் நல்லாத்தான் ஓடுது.”

“நல்லா ஓடுற வண்டிக்குத்தானே இவங்க குடுப்பாங்க. கெட்டதுக்கா குடுப்பாங்க? நீங்க சும்மா இருங்க.” பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, “ஐஸ் பெட்டிக்கே வேணாம்னு சண்ட போட்ட ஆளும்மா இவரு. இன்னிக்கு ஒரு வருஷத்துக்கு ஒத்துக்கிட்டதே பெருசு. நீ ரெண்டே போட்டுரு.”

நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவளுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் இரண்டு வருடம் கேட்டிருக்கமாட்டாள் என்று நினைத்தேன். வீட்டு வாசலில் அவள் “நாநூத்திப் பன்னெண்டு” என்றாள். நான் எழுதினேன்.

அந்த வாரண்டியை ஒரே தடவை பயன்படுத்தினோம். ஆகஸ்ட் 6, செவ்வாய். மருத்துவமனையிலிருந்து வரும்போது சிம்பாங் ரெங்கம் அருகே ஏர்கோன் நின்றுபோனது. அவளுக்கு அப்போது விரல் நுனிகள் மரத்துப்போகத் தொடங்கியிருந்தன. மருத்துவமனை அட்டையை இரண்டு கையாலும் பிடித்து விசிறிக்கொண்டே வந்தாள்.

“ஒரு வருஷம்னு இழுத்தீங்களே. பாத்தீங்களா?”

“ஒரு வருஷம் எடுத்திருந்தாலும் இது அதுல வந்திருக்கும்.”

“கணக்குல மட்டும் தோக்கமாட்டாரு,” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் சொன்னதை அன்று ஒத்துக்கொண்டிருக்கலாம்.

மறு வருடம் ஏப்ரல் 17, வியாழன் விடியற்காலையில் அவள் இறந்தாள். மருத்துவமனையில் அல்ல, வீட்டில். என் கணக்கு ஒரு மாதம் பிசகியிருந்தது. டாக்டர் சொன்னதை நான் கடைசி வரைக்கும் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை காரை எடுக்கவில்லை. எடுத்த முதல் நாள் வாசலில் நிறுத்திவிட்டு யாரோ எண் சொல்வார்கள் என்று பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.

போகும் இடங்கள் குறைந்துவிட்டன, குறிப்பேடு மெதுவாக நிறைந்தது. செப்டம்பர் 21, ஞாயிறன்றுதான் முன்பக்கக் குறிப்புகள் கடைசிப் பக்கத்தை எட்டின. திருப்பினேன். பத்து வெற்று வரிகளும் வெறுமையாக இல்லை. பென்சிலில், அவள் கையெழுத்தில், எல்லாவற்றிலும் ஏதோ எழுதியிருந்தது.

ஜூனுக்கு எதிரே: ‘லாயாங் லாயாங், தங்கச்சி வீடு. சும்மா போய் உக்காந்துட்டு வாங்க.’ கிலோமீட்டருக்கு நூறு என்று ஒரு குத்துமதிப்பு. ஜூலைக்கு: ‘ஆயர் ஈத்தாம், மண்சட்டிக் கடை. கறிவேப்பிலைச் செடி இருக்கிற சட்டி விரிஞ்சிருச்சு, பெருசா ஒன்னு வாங்குங்க. மலிவா எடுக்காதீங்க.’ ஆகஸ்டில் கடற்கரை என்று மட்டும் இருந்தது. செப்டம்பருக்கு ஒன்றும் தோன்றவில்லை போலும், ‘பெட்ரோல் போட்டு வைங்க’ என்று எழுதியிருந்தாள். தீபாவளியை நவம்பரில் போட்டிருந்தாள். அது அக்டோபரில் வந்தது. டிசம்பரில், ‘மழை. எங்கயும் போகாதீங்க’, எதிரே பூஜ்யம். பிப்ரவரியில் தைப்பூசம். கடைசி வரி, இந்த மார்ச்: ‘வாரண்டி முடியறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் செக் பண்ணச் சொல்லுங்க. கேட்டு வாங்குங்க.’

தேதி மட்டும் எங்கும் இல்லை. அந்தக் குறிப்பேட்டில் தேதி இல்லாத பதிவு அது ஒன்றுதான்.

எனக்கு அந்தத் தேதி வேண்டும். மார்ச் 9 அன்று காரில் இருந்த இருபது நிமிடத்தில் எழுதினாளா? அப்படியானால் எல்லாம் தெரிந்துதான் உள்ளே வந்து இரண்டு வருடம் கேட்டிருக்கிறாள். பதின்மூன்று மாதம் என் பொய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டர் எண் சொல்லியிருக்கிறாள். பல மாதம் கழித்து எழுதினாள் என்றால், தெரியாமல் இருந்த கொஞ்ச காலமாவது அவளுக்கு இருந்தது. நான் மறைத்ததற்கு அந்த அளவாவது பலன் உண்டு.

கையெழுத்தைப் பார்த்தேன். முதல் நான்கு வரிகள் நேராக இருக்கின்றன. பிறகு கோணலாகின்றன. மரத்த விரலாக இருக்கலாம், ஓடும் காரில் எழுதியதாகவும் இருக்கலாம். பென்சில் எப்போதும் அவள் பையில் இருப்பதுதான். அது எதையும் சொல்லவில்லை. மீதி இருப்பது கறிவேப்பிலைச் சட்டி. அது விரிந்த நாள் தெரிந்தால், அதற்குப் பிறகுதான் எழுதியிருக்க வேண்டும் என்றாகும். காருக்கு டயர் மாற்றிய நாளெல்லாம் என்னிடம் இருக்கிறது. பின்வாசலில் சட்டி விரிந்ததை நான் எழுதி வைக்கவில்லை. கவனிக்கவும் இல்லை.

தவறிப்போன மாதங்களுக்கு அவள் எழுதியிருந்ததைத் தாமதமாகச் செய்தேன். லாயாங் லாயாங் போனபோது அவள் தங்கையிடம் கேட்டேன்.

“சட்டியா? அக்கா போன்ல சொன்னா மாமா. மழ பேஞ்சு, பூனை தள்ளிவிட்டு விரிஞ்சுபோச்சுன்னு.”

“எப்ப?”

“மழ நேரம்.”

“எந்த மழ நேரம்?”

“இந்த ஊர்ல மழ இல்லாத நேரம் எது மாமா?” என்றவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். “தைப்பூசத்த ஒட்டின்னு நெனக்கிறேன். எந்த வருஷம்னு தெரியல. முக்கியமா மாமா?”

“சும்மாதான் கேட்டேன்.”

“அவளுக்குத் தெரியுமான்னு கேக்குறீங்களா?”

அவள் எழுந்து போய்த் தேநீர் கலந்து கொண்டுவந்து வைத்தாள். எனக்கும் தெரியாது மாமா, என்கிட்ட எதுவும் சொன்னதில்ல என்றாள்.

சென்ற வாரம் சர்வீஸ் சென்டரிலிருந்து அதே பெண் கூப்பிட்டாள்.

“அங்கிள், ரெண்டு வருஷமும் முடியப்போகுது. இன்னொரு வருஷம் போடலாம், ஆஃபர் இருக்கு. ஆண்ட்டிகிட்ட கேட்டுச் சொல்றீங்களா? அவங்கதானே பாஸ்.”

சொன்னேன்.

“சாரி அங்கிள். தெரியாம பேசிட்டேன்.”

“பரவால்லம்மா. ஒன்னு கேக்கணும். அன்னிக்கு ஆண்ட்டி கார்ல தனியா இருந்தாங்க இல்ல, ஏதாச்சும் எழுதிக்கிட்டு இருந்தாங்களா? நீ வெளிய வந்து பாத்தியா?”

“ஞாபகம் இல்ல அங்கிள். ரெண்டு வருஷமாச்சு. ஒரு நாளைக்கு எத்தனையோ பேரு வராங்க.”

நீட்டிப்பு வேண்டாம் என்றேன். ஆனால் 28-ஆம் தேதிக்கு முன்பாக முழுப் பரிசோதனைக்கு நாள் கேட்டு வாங்கினேன்.

“மார்ச் 24, செவ்வாய். மீட்டர் 1,02,386. வீடு – குளுவாங் சர்வீஸ் சென்டர் – வீடு. எல்லாம் பார்க்கச் சொன்னேன், பார்த்தார்கள். பின்பக்க அதிர்வுத் தாங்கி ஒன்று வாரண்டியில் மாற்றம். மாலை மழை.”

பழைய குறிப்பேட்டில் அவள் எழுதிய பத்தாவது வரிக்கு எதிரே ‘முடிந்தது’ என்று எழுதினேன். அதற்குக் கீழே சிறியதாக இன்னொரு குறிப்பும் எழுதியிருக்கிறேன். கறிவேப்பிலைச் சட்டி விரிந்தது மார்ச் 9-க்கு முன்பா பின்பா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.