காம்பில் தொங்கிய கட்டி

எண்பதுகளின் தொடக்கம். சிம்மக்கல்லில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நான் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர். உடம்பிலிருந்து எடுத்ததைக் கிட்னி ட்ரே என்கிற வளைந்த தட்டில் வைத்து, வெளியே நிற்கும் வீட்டாரிடம் காட்டிவிட்டு வருவதும் என் வேலை. காட்டாவிட்டால் எதையுமே எடுக்கவில்லை என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

அந்த வேலை எனக்குப் பிடிக்காது. கல்யாணமான புதிதில், வேறொரு ஆஸ்பத்திரியில், நார்க்கட்டிக்காக என் கர்ப்பப்பையை எடுத்து இதே மாதிரி ட்ரேயில் என் வீட்டுக்காரரிடம் காட்டியிருக்கிறார்கள். கட்டி என்றால் பையோடு எடுத்துவிடுவதுதான் அப்போது பெரும்பாலும் நடந்தது.

சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்த பாண்டியம்மாளும் அதற்குத்தான் வந்திருந்தாள். பிள்ளை இல்லை. மாதாமாதம் நிற்காத உதிரப்போக்கு. ரத்தம் ஏற்றித்தான் டேபிளுக்கே கொண்டுவந்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, கட்டிய மட்டும் எடுத்துட்டுப் பைய விட்டுர முடியாதா?”

“டாக்டரம்மா பாப்பாங்க, நீ படு” என்றேன். வேறென்ன சொல்ல?

ஓ.பி.யில் அவள் வலியிலும் கூச்சத்திலும் உடம்பை இறுக்கிக்கொண்டதால் சரியாகப் பார்க்க முடியவில்லை. அதனால் டாக்டரம்மா மயக்கம் கொடுத்த பிறகு, கத்தியைத் தொடுமுன், கீழ்வழியாக இன்னொரு தடவை கை வைத்துப் பார்த்தார்.

“சிஸ்டர், கத்தி வேணாம். வல்செல்லம் குடுங்க.”

கட்டி ஒரு காம்பில் தொங்கிக்கொண்டு கர்ப்பப்பை வாய்வரை இறங்கியிருந்தது. வல்செல்லம் இடுக்கியால் பிடித்து, மெதுவாகத் திருகித் திருகி, கத்தரிக்காய் பறிப்பதுபோல் எடுத்துவிட்டார். வயிற்றில் ஒரு கீறல் கிடையாது. நான் மெனக்கெட்டு அடுக்கிவைத்த கத்திகளெல்லாம் அப்படியே கிடந்தன.

ட்ரேயோடு வெளியே போனேன். அவள் புருஷன் எட்டிப் பார்த்தார்.

“இம்புட்டுத்தானா? பை எங்க சிஸ்டர்?”

“உள்ளதான் இருக்கு அண்ணே. எடுக்கல.”

“எடுக்காட்டி திரும்ப ரத்தம் போகாதா? செத்துருவாளே!”

“அதுக்குக் காரணமே இந்தக் கட்டிதான். வந்துருச்சுல்ல.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அவகிட்ட நீங்க சொல்றீகளா, நான் சொல்லவா?”

“நீங்களே சொல்லுங்க.”

கண் விழித்ததும் பாண்டியம்மாள் செய்த முதல் காரியம், வயிற்றைத் தடவி பேண்டேஜ் கட்டைத் தேடியதுதான். புருஷன் குனிந்து விஷயத்தைச் சொன்னார். அவள் அழுதாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது; பொய் சொல்வானேன்.

பிற்பாடு ஒருநாள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு கையில் வெற்றிலைக் கட்டு, இன்னொரு கையில் குழந்தை.

“பிடிங்கக்கா, காப்பி வாங்கிட்டு வாரேன்” என்று குழந்தையை என்னிடம் கொடுத்தாள். அவள் திரும்பி வந்தும் எனக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

புதிதாக தியேட்டருக்கு வரும் சிஸ்டர்களுக்கு ஒன்று சொல்வேன். எல்லாக் கட்டியும் காம்பில் தொங்காது, எடுத்தவர்களுக்கெல்லாம் பிள்ளை பிறக்கும் என்றும் இல்லை. இப்போது ஸ்கேன் இருக்கிறது, வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கட்டியை மட்டும் எடுக்கவும் முடிகிறது. ஆனாலும் பையை எடுக்கப் போகிறார்கள் என்றால், “இன்னொரு தடவை பாத்துரலாமா டாக்டர்?” என்று கேட்டுவிடுங்கள். அது உன் வேலை இல்லை என்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

எனக்காக அன்று யாரும் கேட்கவில்லை. என்னுடையதும் காம்பில்தான் தொங்கியதோ என்னவோ.