உள்ளே வெள்ளை

எங்கள் குழந்தைகள் ஈரல் பிரிவில் எல்லாருக்கும் அவள் கலர் அக்கா. பதவி என்னவோ ஆயா. பதினாலு வருஷமாகப் பிஞ்சுகளின் அழுக்குத் துணியை மாற்றி, எடை போட்டு, மலத்தின் நிறத்தைப் பெரிய டாக்டரிடம் சொல்கிறாள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான் அங்கே சீட்டு எழுதுகிறேன். "பட்டம் வாங்கின கையா இது? கோழி கிளறின மாதிரி இருக்கே!" என்பாள்.

அன்று காலை ஐம்பத்திரண்டு நாள் பெண் குழந்தையோடு ஒரு தாய் வந்தாள். பிறந்ததிலிருந்தே காமாலை விடவில்லை. பித்தக்குழாய் அடைபட்டுப் பிறக்கும் குழந்தைகள் இப்படித்தான் வருவார்கள். பித்தம் குடலுக்கு இறங்காமல் மலம் வெளுத்துவிடும். அறுபது நாளுக்குள் அறுவை செய்து பித்தத்துக்கு வழி விட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம். தள்ளிப்போகப் போக ஈரல் இறுகும்.

பயிற்சி டாக்டரம்மா துணியை விரித்தார். மஞ்சள். வாசலில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். "கலர் நல்லாத்தான் இருக்கு. தாய்ப்பால் காமாலையா இருக்கும். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

அப்போதுதான் தாயின் முகத்தில் உயிர் வந்தது. நான் பேனாவை எடுத்தேன். ஐம்பத்திரண்டோடு பதினாலைக் கூட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

"தம்பி, தேதி போடாதே."

துணியை வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போயிருந்தாள் கலர் அக்கா. தாய் சீறினாள். "டாக்டரே சொல்லிட்டாங்க. நீங்க என்ன டாக்டரா?"

"இல்லம்மா, துடைக்கிறவ. கோபத்த அப்புறம் வச்சுக்கோ. மூத்திரம் கடுமஞ்சளாப் போகுதா?"

"ஆமா..."

நாக்கை அமுக்கும் மரக்குச்சி ஒன்றை எடுத்து மலத்தைப் பிளந்தாள். மேலே மஞ்சள், உள்ளே களிமண் வெளுப்பு.

"மூத்திரம் மேல சாயம் ஏத்தியிருக்கு டாக்டரம்மா. உள்ள பாருங்க."

டாக்டரம்மா குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆனது. "சீட்டக் கிழிச்சிடுங்க" என்றார் என்னிடம். "பெரிய டாக்டர உடனே வரச் சொல்லுங்க."

ரத்தம், ஸ்கேன் எல்லாம் அன்றே முடிந்தன. ஐம்பத்தாறாம் நாள் அறுவை, ஐந்து மணி நேரம். "வழி விட்டாச்சு. பித்தம் இறங்குமான்னு இனிமேதான் தெரியும்" என்று பெரிய டாக்டர் போய்விட்டார்.

முதல் துணி வெளுப்பு. மறுநாளும் வெளுப்பு. தாய்க்குச் சோறு இறங்கவில்லை. பொய்யாவது சொல்லலாமே என்று எனக்கு இருந்தது. கலர் அக்கா சொல்லவில்லை. "இன்னும் இல்ல கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் விடுமுறை நாளிலும் வந்து நின்றாள்.

அறுவை முடிந்த ஆறாம் நாள் காலை, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடிவந்தாள் தாய், கையில் விரித்த துணியோடு.

"அக்கா! பச்சை! நல்லாப் பாருங்கக்கா, பச்சைதானே?"

பச்சைதான். கலர் அக்கா மரக்குச்சியால் பிளந்து பார்த்தாள்: உள்ளேயும் பச்சை, பித்தம் இறங்கியிருந்தது. அடுத்த நொடி அதட்டினாள்:

"அடிப்பாவி, பிள்ளைய யாருகிட்ட விட்டுட்டு ஓடிவந்தே?"