நாகஜோதியின் கையில் தங்கப்பாண்டி

நாகஜோதிக்கு இந்த ஆவணியோடு முப்பத்தெட்டு வயது. பதின்மூன்று வயதில் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போனவள். அன்றிலிருந்து அவள் வேலை செய்யாமல் இருந்த நாட்களை எழுத அரைப் பக்கம் போதும். தலைப்பிரசவத்துக்குப் பத்தொன்பது நாள். இரண்டாவது பிரசவத்துக்குப் பதினொன்று. பிறந்தது பெண் என்பதால் என்று யாரும் சொல்லவில்லை, பழம் வெட்டுகிற நேரம் என்றுதான் சொன்னார்கள். ஒரு காய்ச்சலுக்கு ஆறு. மாமனார் செத்தபோது வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று மூன்று நாள். பாத்திரம் விளக்குவதற்கு அந்தத் தடை இல்லை.

இந்த வருடம் அவள் தொடர்ந்து இருபத்துமூன்று நாள் சும்மா இருந்தாள். அவளுடைய கையில் அவள் புருஷனின் பெயர் ஆறிக்கொண்டிருந்தது.

புருஷன் தங்கப்பாண்டி கவாத்துக்காரன். காமயகவுண்டன்பட்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கொடி வெட்ட அவனைத்தான் முதலில் தேடுவார்கள். எந்தக் கணுவுக்கு மேல் வெட்டினால் எந்த மொட்டு வெடிக்கும் என்று கொடியைத் தடவியே சொல்வான். ஒரு கொடிக்கு முன்னால் கால் மணி நேரம் யோசித்துக்கொண்டு நிற்பான். வீட்டுக்கு வந்தால் சோறு தட்டில் விழும் நேரத்துக்குக்கூடப் பொறுக்க மாட்டான். பொறுமை முழுவதையும் தோட்டத்திலேயே செலவழித்துவிட்டு வருகிறான் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை.

பங்குனியில் ஒருநாள் ரசம் ஆறியிருந்தது. அறைந்தான். நாகஜோதி ஜெயமங்கலத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்தாள். அங்கே தம்பி வயலில் களையெடுத்தாள். ஆகவே அதை ஓய்வில் சேர்க்க முடியாது. பதினோராம் நாள் தங்கப்பாண்டி தன் அக்கா மலையம்மாளோடு வந்து கூட்டிப்போனான். மன்னிப்புக் கேட்பது அவன் வழக்கமில்லை. அதனால் மன்னித்தான், ஒரு நிபந்தனையோடு.

"எம்பேரக் கையில எழுதிக்கிரு. யாரு பொண்டாட்டின்னு தெரியட்டும்."

"ஊருக்கே தெரியுமே."

"ஒனக்குத் தெரியணும்."

கம்பத்தில் மாடிப்படிக்குக் கீழே பச்சை குத்தும் கடை வைத்திருக்கும் திலீபன் எழுதினான். இடது முன்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு திராட்சை இலையோடு. ஊசி ஓடி முடியும்வரை அவள் முனகவில்லை. தங்கப்பாண்டி பக்கத்தில் குனிந்து நின்று, பெயர் நேர்கோட்டில் போகிறதா என்று பார்த்துக்கொண்டான்.

"ரெண்டு வாரம்ணே," என்றான் திலீபன். "வெயில் படக் கூடாது, வேர்வை படக் கூடாது. காலையும் சாயந்தரமும் கழுவி, ஒத்தியெடுத்து, இந்தக் களிம்பைத் தொட்டும் தொடாமப் பூசணும். அரிக்கும், சொறியக் கூடாது. பொருக்குத் தானா உதுரணும்."

"பிச்சுவிட்டா?"

"அதோட எழுத்தும் வந்துரும்ணே."

"சாணி அள்ளலாமா?" என்று கேட்டாள் நாகஜோதி.

திலீபன் அவளை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். "அந்தக் கைய வச்சு ஒண்ணும் செய்யாம இருங்கக்கா. அது போதும்."

அவளிடம் இப்படி ஒருவர் சொல்வது அதுவே முதல் தடவை. சரியாகத்தான் கேட்டோமா என்று புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் நம்ப முடியாத காட்சிகள் நடந்தன. தங்கப்பாண்டி விடிகாலையில் எழுந்து தண்ணீர் கொதிக்கவைத்து ஆறவைத்தான். பெண்டாட்டியின் கையைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கழுவி, சுத்தமான வேட்டித் துணியால் ஒற்றினான். முன்பு அவள் அந்தக் காய்ச்சலில் ஆறு நாள் படுத்திருந்தபோது, தினமும் வாசலில் நின்றபடி "எந்திரிக்கிற மாதிரி இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனவன் அவன். இப்போது "எரியுதா?" என்று கேட்டான். அவள் "இல்லை" என்றால், பெயரைப் பார்த்து இன்னொரு முறை கேட்டான்.

பால்மாடும் பாத்திரமும் அடுத்த வீட்டு மலையம்மாள் தலையில் விழுந்தன. அவள் புருஷனை இழந்தவள். வாயை இழக்கவில்லை.

"ஒக்காரு ஆத்தா, ஒக்காரு. எம்புருசனும் எங்கையில பேரு எழுதியிருந்தா நானும் இப்பிடிச் சாஞ்சிருப்பேன். எழுதுறதுக்குள்ள போய்ச் சேந்துட்டாக."

"நான் கேட்டா எழுதுனேன் மதினி?"

"கேக்காமக் கெடச்சதுக்கே இந்தச் சொகமா?"

சுகம்தான். மத்தியானத்தில் படுத்துத் தூங்கலாம் என்பது நாகஜோதிக்கு ஐந்தாம் நாள்தான் தெரிந்தது. ஏழாம் நாள் ஒரு கனவு கண்டாள். அதில்கூட வேலை இல்லை. ஒன்பதாம் நாள் அரிப்பு எடுத்தது. தூக்கத்தில் நகம் பட்டு, கடைசி எழுத்தின் பொருக்குப் பிய்ந்து நீர் வடிந்தது. சாயந்தரம் வந்த தங்கப்பாண்டி அதைக் கண்டு முகம் வெளிறிப்போனான். அறைவான் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும் நாலு நாள் சேத்தே இரு," என்றான். "தோட்டத்துல நான் சொல்லிக்கிறேன்."

நாகஜோதி படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் இந்தப் பாடத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை. பதின்மூன்றாம் நாள் அவள் தன் சேலையிலிருந்து சேப்டி பின்னைக் கழற்றி, மத்தியானத் தூக்கத்துக்கு முன்னால், ஒரு பொருக்கை மட்டும் ஓரத்தில் நெம்பினாள். வலித்தது. நாலு நாள் கிடைத்தது. பதினேழாம் நாள் நடு எழுத்து. அவன் அக்கறையாக ஆற்றினான், அவள் அக்கறையாகக் கெடுத்தாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் இருவரும் சேர்ந்து இவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை.

இருபத்திரண்டாம் நாள் மலையம்மாள் மாட்டுக்குத் தவிடு எடுக்க வந்தவள், கதவிடுக்கு வழியாக, நாகஜோதி கையில் பொருக்கை நெம்பும் பின்னைப் பார்த்துவிட்டாள். உள்ளே போய்ச் சத்தம் போடவில்லை. தம்பியிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஓர் அறையோடு முடிந்துவிடும். மூன்று வாரம் சாணி அள்ளியவளுக்கு அது போதாது.

சாயந்தரம் தங்கப்பாண்டி பெண்டாட்டியின் சீழ்கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு கலங்கியிருந்தபோது மலையம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்டா, வெட்டுன கொடி அழுகாம இருக்க ஒண்ணு பூசுவியே, அது என்னது?"

"மயில்துத்தமும் சுண்ணாம்பும்."

"கொடிக்குக் கேக்குறது இதுக்குக் கேக்காதா?"

தங்கப்பாண்டியின் முகம் தெளிந்தது. களிம்பில் அவனுக்கு நம்பிக்கை போய் நாளாயிற்று. வெட்டுவாயில் நீர் வடிகிற எத்தனையோ கொடிகளை அந்த நீலப் பசைதான் காப்பாற்றியிருக்கிறது. இருபது வருட அனுபவம். கொட்டாங்கச்சியில் குழைத்துக்கொண்டு வந்தான்.

"வேணாங்க," என்றாள் நாகஜோதி. "தானா ஆறிரும்."

"மூணு வாரமா ஆறலையே. ஏன் ஆறலைன்னு ஒனக்குத் தெரியுமா?"

மலையம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லு ஆத்தா, தெரிஞ்சா சொல்லு."

சொன்னால் சேப்டி பின் வெளியே வரும். வந்தால் நாளைக்கே தோட்டம். நாகஜோதி கையை நீட்டினாள்.

பசையைக் கட்டைவிரல் கனத்துக்கு அப்பி, துணியால் இறுகக் கட்டினான். எரிகிறது என்று அவள் சொன்னபோது, மருந்து பிடிக்கிறது என்றான். விடிந்து கட்டைப் பிரித்தால், தோல் துணியோடு வந்தது. இலை இல்லை, பெயர் இல்லை. முழங்கைவரை பச்சைப் புண்.

கம்பத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டு தடவை கேட்டார், என்ன பூசினீர்கள் என்று. தங்கப்பாண்டி இரண்டு தடவையும் அளவோடு சொன்னான். கட்டுப் போட்டுவிட்டு, ஒரு மாதம் இந்தக் கைக்கு எந்த வேலையும் கூடாது, புரையோடினால் கையை எடுக்க வேண்டிவரும் என்றார்.

திரும்பும் டவுன் பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். பெற்ற பிள்ளையைப் புதைத்துவிட்டு வருகிறவன் மாதிரி இருந்தது. கண்டக்டர்கூட மெதுவாகத்தான் டிக்கெட் கேட்டார்.

மறுநாள் காலை அவன் தண்ணீர் கொதிக்கவைக்கவில்லை.

"கெளம்பு. கொடி கட்ட ஆள் பத்தல."

"டாக்டரம்மா ஒரு மாசம்னாகளே."

"அவுக கைக்குச் சொன்னாக. நான் ஒன்ன ஒக்கார வச்சது பேருக்கு. பேருதான் போச்சே."

மலையம்மாள் கழுவாத காலிப் பால் குவளையைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனாள். நாகஜோதி வலது கையால் அதைக் கழுவிக் கவிழ்த்தாள். பழைய முழுக்கைச் சட்டையைக் கட்டுக்கு மேல் இழுத்து மாட்டினாள். பல்லைக் கடித்தபடி பொத்தானைப் போட்டாள். அவன் வாசலில் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தான். என்ன தோன்றியதோ, சற்று இறங்கிய குரலில் சொன்னான்:

"பழம் வெட்டி முடியட்டும். அடுத்த கையில எழுதிக்கலாம்."

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி தெருமுனை திரும்பியது.

"ஏங்க," என்றாள். "இந்தத் தடவ காமயகவுண்டன்பட்டின்னு ஊரு பேரையும் முழுசாச் சேத்து எழுதச் சொல்லுவமா?"

இவ்வளவு பிரியத்தை வைத்துக்கொண்டு இருபது வருடம் வெளியே காட்டாமல் இருந்திருக்கிறாளே என்று தங்கப்பாண்டி அன்று முழுவதும் தோட்டத்தில் எல்லோரிடமும் சொன்னான்.